நண்பருக்காகக் கைவிட்டுப் போன பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'கடன் அன்பை முறிக்கும்' என்று மளிகைக் கடைச் சுவரில் எழுதி வைத்திருப்பார்கள். ஆனால் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலர் கையில் எடுத்துப் பணம் கொடுத்தவர்களே இல்லை. ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பார், ஒருவர் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்திருப்பார், இன்னொருவர் வண்டிச் சாவியை நீட்டியிருப்பார். நண்பர் செய்ததற்கு இவர்கள் பணம் கட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு தாலுகா ஊரில் 18 ஆண்டுகளாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு, தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: நண்பர் உங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே கேளுங்கள், எழுதி வாங்குங்கள்.

ஜாமீன்தான் போட்டேன். பேங்க் முதலில் கடன் வாங்கியவரைத்தானே கேட்க வேண்டும்?

இந்த நம்பிக்கையோடுதான் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள். சட்டம் அப்படி இல்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. நண்பர் மேல் வழக்குப் போட்டு, அவரிடம் வசூலாகவில்லை என்று தெரிந்த பிறகுதான் உங்களிடம் வர வேண்டும் என்று பேங்குக்குக் கட்டாயம் இல்லை. நேராக உங்களிடமே வரலாம். கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கமாக இருந்தால் உங்கள் சம்பளத்தில் பிடித்தம் போடச் சொல்லி அலுவலகத்துக்கே கடிதம் போய்விடும். தவணை நின்ற கணக்கில் நீங்கள் ஜாமீன் என்பதால், கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும்.

ஆகவே பேங்கிலிருந்து வரும் முதல் கடிதத்தைப் பீரோவில் வைத்து மூடிவிடாதீர்கள். மறுநாளே போய்க் கடன் கணக்கின் விவரத்தை எழுதிக் கேட்டு வாங்குங்கள். எத்தனை தவணை பாக்கி, அபராத வட்டி எவ்வளவு, ஈடாக என்ன கொடுத்திருக்கிறார் என்பதெல்லாம் அதில் தெரியும்.

சரி, நானே கட்டிவிட்டேன். அதை நண்பரிடம் திருப்பிக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா?

முழு உரிமை இருக்கிறது. பலருக்குத் தெரியாத இடம் இதுதான். அதே சட்டத்தின் 145ஆம் பிரிவு, ஜாமீன்தாரர் முறைப்படி கட்டிய தொகையைக் கடன் வாங்கியவர் ஈடுகட்டியே ஆக வேண்டும் என்கிறது. இதற்குத் தனியாக எதுவும் எழுதி வாங்கியிருக்க வேண்டியதில்லை. நீங்கள் ஜாமீன் நின்றதிலேயே அந்த வாக்குறுதி அடங்கியிருக்கிறது. 140ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பாக்கி முழுவதையும் நீங்கள் தீர்த்துவிட்டால், நண்பர் மேல் பேங்குக்கு இருந்த உரிமைகள் எல்லாம் உங்கள் கைக்கு வந்துவிடும். அவர் ஈடாக வைத்த சொத்தின் மேல் இருந்த உரிமையும் அதில் சேர்ந்தது.

ஆனால் ரசீது உங்கள் பெயரில் இருக்க வேண்டும். கவுண்டரில் ரொக்கமாகக் கட்டி, சலானில் நண்பர் பெயரை மட்டும் எழுதிவிட்டு வந்தால், கட்டியது நீங்கள்தான் என்று நிரூபிக்கப் பின்னால் அல்லாட வேண்டியிருக்கும். உங்கள் கணக்கிலிருந்து நேராகக் கடன் கணக்குக்கு அனுப்புங்கள். கட்டி முடித்ததும் 'ஜாமீன்தாரர் இன்னார் செலுத்தினார்' என்று பேங்கிடம் ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்களோடு இன்னொருவரும் ஜாமீன் போட்டிருந்தால் சுமை இருவருக்கும் சமம். உங்கள் பங்குக்கு மேல் கட்டியதை அவரிடமும் கேட்கலாம்.

என் பெயரில் குழுக் கடன் எடுத்துத் தோழிக்குக் கொடுத்தேன். அவள் கட்டாமல் விட்டுவிட்டாள். குழுவில் என்னை நெருக்குகிறார்கள்.

பெண்களிடமிருந்து அதிகம் வரும் கேள்வி இது. கிரெடிட் கார்டில் நண்பனுக்குப் போன் வாங்கிக் கொடுத்து இ.எம்.ஐ. கட்டுகிற பையன்களும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். கடன் கொடுத்த நிறுவனத்துக்கு உங்கள் பெயர் மட்டும்தான் தெரியும். பணம் யார் கைக்குப் போனது என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை. எனவே 'அவள்தான் கட்ட வேண்டும்' என்று வாரக் கூட்டத்தில் சொல்லித் தவணையை நிறுத்தினால் கெடுவது உங்கள் பெயர்.

இதை இரண்டு கணக்காகப் பிரித்துப் பாருங்கள். நிறுவனத்துக்கும் உங்களுக்கும் ஒரு கணக்கு, உங்களுக்கும் தோழிக்கும் வேறொரு கணக்கு. இரண்டாவது, நீங்கள் அவளுக்குக் கொடுத்த கைமாற்று. பணம் உங்கள் கணக்கில் விழுந்த நாளும், அதை அவளுக்குக் கூகுள் பேயில் அனுப்பிய நாளும் அடுத்தடுத்து இருந்தால் அதுவே நல்ல சாட்சி. ரொக்கமாக எடுத்துக் கொடுத்திருந்தால், குழுவில் இந்த விஷயம் தெரிந்த இரண்டு பேரை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தில் எதுவுமே இல்லை. நண்பன் என்று நம்பிக் கொடுத்தேன்.

வாய்மொழிக் கடனுக்கும் வழக்குப் போடலாம். நிரூபிக்கிற பாரம் உங்கள் தலையில் இருக்கும், அவ்வளவுதான். ஆதாரம் இல்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள், இனிமேலும் உண்டாக்க முடியும். நண்பருக்கு மரியாதையாக ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். தொகை, கொடுத்த மாதம், எதற்காகக் கொடுத்தது ஆகிய மூன்றும் அதில் இருக்கட்டும். 'போன ஆடியில் கடை அட்வான்சுக்குன்னு வாங்கின 80,000, இந்த மாசம் கொஞ்சமாவது தர முடியுமா?' என்று கேட்டால், 'தர்றேன் மச்சி, கொஞ்சம் டைம் குடு' என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அந்த ஒரு வரி உங்களுக்கு உதவும்.

அந்தப் போனை மாற்றாதீர்கள், செய்தியை அழிக்காதீர்கள். மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழும் சேர்க்க வேண்டும். அதை வக்கீல் தயாரித்துக் கொடுப்பார். ஆனால் வாட்ஸ்அப் பதிலோடு நின்றுவிடாதீர்கள். கையெழுத்திட்ட தாள் ஏன் வேண்டும் என்பதற்குப் பதில் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

மூன்று வருடம் ஆனால் பணம் போய்விடும் என்கிறார்களே?

வழக்குப் போடும் உரிமை போய்விடும். 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி கைமாற்றுக் கடனுக்கும் புரோநோட்டுக்கும், அதாவது பணம் தருவதாகக் கையெழுத்திட்டு எழுதிக் கொடுக்கும் கடன் பத்திரத்துக்கும், கெடு 3 ஆண்டு. அது எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதில்தான் மிகப் பலர் தவறுகிறார்கள். 'கடைசியாகக் கேட்டது போன தீபாவளிக்கு, அதிலிருந்து மூன்று வருடம் இருக்கிறது' என்பார்கள். அப்படி இல்லை. 'கேட்கும்போது தருகிறேன்' என்று வாங்கிய கடனுக்குக் கொடுத்த நாளிலிருந்தே கணக்கு ஓடுகிறது. புரோநோட்டில் எழுதிய தேதிதான் ஆரம்பம். ஜாமீன்தாரருக்கு மட்டும் அவர் பேங்கில் பணம் கட்டிய நாளிலிருந்து 3 ஆண்டு.

கெடு முடிவதற்குள் நண்பர் 'இவ்வளவு பாக்கி இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அந்த நாளிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். புரோநோட்டின் பின்பக்கத்தில் வரவு எழுதுவதும் அப்படித்தான். 2,000 ரூபாய் கொடுத்தாலும், தேதி போட்டு 'இன்று வரவு' என்று அவர் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வரவை நீங்கள் எழுதி, அவர் கையெழுத்து இல்லாமல் விட்டால் பயனில்லை. கெடு தாண்டிய பிறகும் ஒரு வழி மிச்சம் இருக்கிறது. பழைய கடனைத் தருகிறேன் என்று புதிதாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அது செல்லும். ஒப்பந்தச் சட்டம் 25ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது. ஆனால் தரமாட்டேன் என்கிறவர் எதற்கு எழுதிக் கொடுப்பார்?

இரண்டரை வருடம் பொறுத்துவிட்டு, 'அவன் அப்படிப்பட்டவன் இல்லை' என்று இன்னும் ஆறு மாதம் பொறுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களைத் திருப்பி அனுப்பும் நாள்தான் இந்த வேலையிலேயே எனக்கு மிகக் கஷ்டமான நாள்.

புரோநோட்டு எப்படி எழுத வேண்டும்?

அச்சடித்த தாள் கடையில் கிடைக்கும். வெள்ளைத் தாளிலும் எழுதலாம். தேதி, ஊர், இருவர் பெயரும் தகப்பனார் பெயரும் முகவரியும், தொகை எண்ணாலும் எழுத்தாலும், வட்டி விகிதம் ஆகியவை வேண்டும். முடிவில் வழக்கமான வாசகம் வரும்: 'மேற்படி அசலும் வட்டியும் தாங்கள் வேண்டும்போது தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவர்களுக்காவது செலுத்தி இந்தப் பத்திரத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.' ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்டாம்பின் மேலும் தாளின் மேலும் படும்படி அவர் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டாம்ப் இல்லாத புரோநோட்டைக் கோர்ட் சாட்சியமாக ஏற்காது. வெற்றுத் தாளில் கையெழுத்து மட்டும் வாங்கிப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். குறுக்கு விசாரணையில் அங்கேதான் வழக்கு உடையும்.

நண்பர் செக் கொடுத்தார், திரும்பிவிட்டது.

இங்கே உங்கள் கை ஓங்கியிருக்கிறது, ஆனால் நாட்களை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். செக்கில் உள்ள தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் பேங்கில் போட வேண்டும். பணம் இல்லை என்று ரிட்டர்ன் மெமோ வந்தால், அது தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து பணம் கட்ட அவருக்கு 15 நாள் அவகாசம். அந்த 15 நாளும் கழிந்தபின் ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் தாக்கலாக வேண்டும். உங்கள் பேங்க் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்தப் பகுதிக் கோர்ட்டிலேயே போடலாம். நண்பர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம்.

இதுதான் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு. குற்றம் உறுதியானால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். 2018இல் வந்த திருத்தத்தால், வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொல்லிக் கோர்ட் உத்தரவிடலாம். உங்கள் வக்கீல் இதைக் கேட்காமல் இருந்தால் நீங்கள் நினைவுபடுத்துங்கள்.

கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள நகை கேட்டாள், கொடுத்தேன். அடகு வைத்துவிட்டாள்.

இதைக் கடன் பாக்கியாகப் பார்க்காதீர்கள். போட்டுக்கொண்டு திருப்பித் தர வேண்டிய பொருளை நம்பி ஒப்படைத்தீர்கள், அவர் அதைத் தன்னுடையதுபோல் அடகு வைத்தார். இது நம்பிக்கை மோசடி. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 316ஆம் பிரிவு. இதற்குப் போலீசுக்குத் தாராளமாகப் போகலாம். நகை வாங்கிய பில், அதைப் போட்டுக்கொண்டு நீங்கள் நிற்கும் பழைய போட்டோ, முடிந்தால் அடகுச் சீட்டின் நகல் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள்.

எங்கே அடகு வைத்திருக்கிறது என்று தெரிந்தால் உடனே அந்தக் கடைக்கோ பேங்குக்கோ எழுத்து மூலம் தெரிவியுங்கள். ஏலத்துக்குப் போய்விட்டால் நகையாகக் கிடைப்பது கஷ்டம். அம்மா போட்ட சங்கிலிக்குப் பணம் ஈடாகாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம் என்கிறேன்.

வண்டியை வாங்கிக்கொண்டு போய் மோதிவிட்டான். செலவை யார் கொடுப்பது?

இரவல் வாங்கியவர், தன் பொருளைச் சாதாரணமாக ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் கவனக்குறைவால் சேதமானால் பழுதுச் செலவு அவருடையது. சொன்ன உபயோகத்தை மீறியிருந்தால் பொறுப்பு இன்னும் கடுமை. பஸ் ஸ்டாண்டு வரை என்று வாங்கிக்கொண்டு கொடைக்கானலுக்கு ஓட்டிப் போனால், அவர் கவனமாகவே ஓட்டியிருந்தாலும் வழியில் நேர்ந்த சேதத்துக்கு அவரே பதில் சொல்ல வேண்டும். ஒப்பந்தச் சட்டம் 154ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

பழுது பார்க்கும் முன் போட்டோ எடுத்து வையுங்கள், மெக்கானிக்கிடம் பில் வாங்குங்கள். நண்பரிடம் லைசென்ஸ் இல்லை என்றால் நிலைமை மோசம். லைசென்ஸ் இல்லாதவருக்கு வண்டி கொடுத்ததற்கு உங்களுக்கே 5,000 ரூபாய் அபராதம். அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த இழப்பீட்டையும் உரிமையாளரான உங்களிடம் திருப்பிக் கேட்க வாய்ப்பு உண்டு.

போலீசில் சொன்னால் வாங்கித் தருவார்களா?

வாங்கிய கடனைத் திருப்பித் தராதது மட்டும் குற்றமாகாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததற்கு அடையாளம் வேண்டும்: இல்லாத நிலத்தைக் காட்டியது, வேலை வாங்கித் தருவதாகப் போலி உத்தரவு காட்டியது போல. அப்படி இருந்தால் மோசடிப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். வெறும் கைமாற்று என்றால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லித்தான் அனுப்புவார்கள்.

ஆள் வைத்து மிரட்டுவது, அவர் வண்டியைத் தூக்கி வருவது, போட்டோவை ஸ்டேட்டஸில் போட்டு 'ஏமாற்றுக்காரன்' என்று எழுதுவது ஆகியவற்றைச் செய்துவிடாதீர்கள். பணம் கொடுத்து ஏமாந்தவர் கடைசியில் குற்றவாளிக் கூண்டில் நிற்பார்.

கோர்ட்டுக்குப் போனால் செலவு என்ன?

பணம் கேட்டுப் போடும் வழக்குக்குத் தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் 2017 முதல் 3 சதவீதம், முன்பு 7.5 ஆக இருந்தது. 2 லட்சம் கேட்டால் 6,000 ரூபாய். வக்கீல் கட்டணம் தனி. முதலில் வக்கீல் நோட்டீஸ் ஒன்று அனுப்புங்கள். நோட்டீசைப் பார்த்ததும் பேச வருகிறவர்கள் உண்டு.

அதற்கும் முன்னால் ஒரு வழி இருக்கிறது, அதையே நான் எல்லோருக்கும் சொல்வேன். கோர்ட் வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கும். வழக்குப் போடாமலேயே அங்கே மனு கொடுத்தால் நண்பரை அழைத்து மக்கள் நீதிமன்றத்தில் பேசவைப்பார்கள். அதற்குக் கட்டணம் இல்லை. அங்கே இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் அது சிவில் கோர்ட் டிக்ரிக்கு, அதாவது தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. மாதம் 5,000 என்று தவணை போட்டுக்கொள்ளலாம். நேரில் உட்கார்ந்து நடுவில் ஒருவர் பேசும்போது, போனில் கத்திக்கொண்டவர்கள் அடங்கிப் பேசுகிறார்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் கிடைப்பார். உதவி எண் 15100.

டிக்ரி வாங்கிவிட்டேன். பணம் மட்டும் வரவில்லை.

டிக்ரியை நிறைவேற்றித் தரச் சொல்லிக் கோர்ட்டில் நிறைவேற்று மனு போட வேண்டும். கெடு 12 ஆண்டு. நண்பர் சம்பளக்காரர் என்றால் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் விட்டுவிட்டு, மிச்சத்தை மாதாமாதம் பிடிக்கலாம். பேங்க் கணக்கு, வண்டி, மனை ஆகியவற்றை ஜப்தி செய்யலாம். பிராவிடண்ட் ஃபண்ட், ஓய்வூதியம், தொழில் செய்யும் கருவிகள், சமையல் பாத்திரம் இவற்றில் கை வைக்க முடியாது. ஆகவே வழக்குப் போடும் முன்பே அவர் பெயரில் என்ன இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே இல்லாதவர் மேல் செலவழித்து வழக்குப் போடுவதைவிட மக்கள் நீதிமன்றத் தவணை மேல்.

நண்பர் இறந்துவிட்டார்.

அவர் விட்டுச்சென்ற சொத்து எவ்வளவோ அந்த அளவுக்கு வாரிசுகளிடம் கேட்கலாம். அதற்கு மேல் அவர் மனைவி, பிள்ளைகளின் சொந்தச் சம்பாத்தியத்தைக் கேட்க முடியாது.

வட்டி போட்டுக் கேட்கலாமா?

எழுதியிருந்தால் கேட்கலாம். 1 ரூபாய் வட்டி, அதாவது ஆண்டுக்கு 12 சதவீதம் என்று எழுதியதில் சிக்கல் வந்து நான் பார்த்ததில்லை. 5 ரூபாய், 10 ரூபாய் வட்டி என்று போனால் 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடுப்புச் சட்டத்தில் நீங்களே மாட்டுவீர்கள்.

எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை. முகம் பார்த்துப் பேச முடியவில்லை.

எனக்கும் இது நடந்தது. பள்ளியிலிருந்து கூடப் படித்த நண்பனின் கடைக் கடனுக்கு ஜாமீன் போட்டேன். கடை படுத்தது. 14 மாதம் நான் கட்டினேன், மொத்தம் 1,12,000 ரூபாய். அதில் முதல் 8 மாதம் அவனிடம் நான் வாயே திறக்கவில்லை. அவன் என்னைப் பார்த்தால் தெருவை மாற்றிப் போனான், நானும் மாற்றிப் போனேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பேங்க் ரசீதுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். மற்றவர் முன்னால் பேசவில்லை, திண்ணைக்குக் கூப்பிட்டேன். 'ஏன் கட்டலை' என்று கேட்கவில்லை. 'இதுவரைக்கும் இவ்வளவு ஆயிருக்கு, மாசம் உன்னால எவ்வளவு முடியும்?' என்று மட்டும் கேட்டேன். 4,000 என்றான். வட்டி வேண்டாம் என்றேன். கடன் முழுதும் தீர்ந்த மாதம் 1,12,000க்குப் புரோநோட்டு எழுதிக் கொடுத்தான். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்: காரணம் கேட்காதீர்கள், தொகையைக் காட்டி மாதத் தவணையைக் கேளுங்கள். காரணம் கேட்டால் பேச்சு சண்டையில் முடியும்.

பணம் முழுதும் வந்த பிறகு நான் என்ன செய்ய வேண்டும்?

புரோநோட்டின் மேல் 'பணம் முழுவதும் பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டு அசலைத் திருப்பிக் கொடுங்கள். அவர் தந்த செக் ஏதாவது உங்களிடம் இருந்தால் அதையும் கொடுத்துவிடுங்கள். கோர்ட் வழக்கு என்றால் முழுத் தொகையும் பெற்றதாகக் கோர்ட்டில் பதிவு செய்ய வேண்டும். பேங்கில் ஜாமீன் பொறுப்பு தீர்ந்ததற்கான கடிதம் வாங்கி, சிபில் அறிக்கையிலும் கணக்கு முடிந்ததாக ஏறியிருக்கிறதா என்று இரண்டு மாதம் கழித்துப் பாருங்கள்.

என் நண்பன் 28 மாதம் கட்டினான். புரோநோட்டின் பின்பக்கத்தில் இடம் போதாமல் ஒரு தாள் ஒட்டியிருந்தோம். கடைசி வரவை எழுதி முடித்ததும் அதைக் கிழிக்கப் போனேன். அவன் தடுத்து, மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.